சேலைக் கரை, பதினோரு நிமிஷம்

இடம் இல்லைங்குது. காலைல இருந்து இதையேதான் சொல்லீட்டிருக்குது. பல்லு வெளக்கறப்ப சொல்லுச்சு, டீ ஆத்தறப்ப சொல்லுச்சு, இப்ப ஆறுச்சாமி சலூன் பெஞ்சு நுனில உக்காந்து போன எடுத்தா மறுபடியும், சேமிப்பிடம் நிரம்பிவிட்டது. நல்ல தமிழ்ல சொல்லுது. எங்க பம்பு கம்பெனில ஆள வீட்டுக்கு அனுப்பறப்பக்கூட இவ்வளவு மரியாதையாச் சொல்லல. ஞாயித்துக்கிழமை, எனக்கு முன்னால மூணு தலை இருக்குது, ஆறுச்சாமி ஒரு தலைக்கு அரை மணி நேரம் எடுப்பான், அதுல வெட்டறது கொஞ்சந்தான், மிச்சம் பேச்சு. அதுக்குள்ள இடம் பண்ணிரலாம். பண்ணித்தான் ஆகணும். இன்னைக்கோ நாளைக்கோ தாரணிக்குக் கொழந்த பொறந்துரும், அது எனக்குத் தெரியணும்னா இந்தப் போன்ல இடம் வேணும். என்ற பொண்ணுக்குக் கொழந்த பொறக்கறத எனக்குச் சொல்றதுக்கு வேற ஆளு இல்ல, இந்தப் போனுதான். இதுதான் பேங்கு, இதுதான் கேஸ் புக்கிங், இதுதான் பிஎஃப் ஆபீசு, இதுதான் டார்ச்சு, கடியாரம், ரேடியோ, கண்ணாடி. சர்க்கர மாத்திர பேரு மறந்து போகும்னு மாத்திர அட்டையப் போட்டோ எடுத்து வெச்சிருக்கறதும் இதுலதான். கம்ப்யூட்டர்ல போய்ச் சரி பண்ணுங்கன்னு ஒரு எடத்துல எழுதியிருக்குது. எங்க வீட்ல மேசைன்னு ஒண்ணு இருந்தா அது என்ற சம்சாரம் மரகதத்தோட தையல் மெஷினு. நான் படிச்ச ராத்திரிப் பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வாங்குனாங்க. ஏசி ரூம்ல வெச்சு, துணி போத்தி, செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்னாங்க. ஷிப்ட் முடிஞ்சு கிரீஸ் கையோட போனவங்க நாங்க, சாமி ரூமுக்குள்ள போற மாதிரிப் போயி, தொடாமப் பாத்துட்டு வந்தோம். இன்னைக்கு அதவிடப் பெருசா ஒண்ணு சட்டப் பாக்கெட்ல கெடக்குது, கக்கூசுக்கும் கூட வருது. கீழ பாத்தா எடது கால் செருப்பு பெஞ்சுக்கடில தனியாக் கெடக்குது. எப்பக் கழண்டுச்சுன்னு தெரியல. பாதம் ரெண்டும் மரத்துப்போயி ஒரு வருஷமாச்சு. நடக்கறப்ப செருப்பு கூட வருதான்னு திரும்பிப் பாக்கணும். டாக்டர் கேட்டாரு, எரிச்சல் இருக்குதா, குத்துதான்னு. ஒண்ணும் தெரியலைங்கன்னேன். அதுதாங்க பிரச்சினைன்னாரு.

அதையேதான் தாரணியும் சொன்னா. மரகதம் போன அன்னைக்கு, மூணு வருஷமாச்சு, வீடு நெறையச் சொந்தக்காரங்க, அழுகைச் சத்தம், எனக்கு மட்டும் காதுல வேற சத்தம் கேட்டுச்சு, மேல டேங்கு ரொம்பித் தண்ணி வழியுது. முப்பது வருஷம் பம்பு செக்கிங்ல இருந்தவனுக்கு அந்தச் சத்தம் கேட்டா உக்கார முடியாது. எந்திரிச்சுப் போயி மோட்டார நிறுத்திட்டு வந்தேன். வந்து பாத்தா அவ என்னையே பாத்துட்டு இருக்கறா. உங்களுக்கு ஒண்ணுமே தோணாதாங்கப்பான்னு கேட்டா. தண்ணி வழிஞ்சுது சாமின்னேன். அதுக்கப்பறம் ஓசூர்ல வேலை கெடச்சுப் போனா. ஒரு நாள் மெசேஜ் வந்துச்சு, அப்பா, எட்வினுக்கும் எனக்கும் அடுத்த வாரம் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம், நீங்க வந்தா சந்தோஷம். எட்வின்ங்கறது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா பேரப் பாத்தவுடனே சொந்தக்காரங்க என்ன பேசுவாங்கன்னு முழுசாத் தெரிஞ்சுது. நான் அதையெல்லாம் நெனைக்கல, ஏதாச்சும் நல்லதா ரெண்டு வரி எழுதணும்னு உக்காந்தேன். நான் ஒரு வார்த்தை அடிச்சா அது ஒரு வார்த்தை போடுது. சந்தோஷம்னு அடிக்கப் போனா சந்தேகம்னு வந்து நிக்குது. அழிச்சு அழிச்சு விரல் சலிச்சுப் போயி, கடைசில கட்டைவிரல் படத்தப் போட்டு அனுப்பீட்டேன். எங்க கம்பெனி குரூப்ல எல்லாத்துக்கும் அதுதான். ஷிப்ட் மாத்துனாலும் கட்டைவிரல், போனஸ் இல்லைன்னாலும் கட்டைவிரல், யாராச்சும் செத்தாக்கூட கட்டைவிரல், பாத்துட்டோம்னு அர்த்தம். அவ எங்க கம்பெனில வேலை செஞ்சிருந்தாப் புரிஞ்சிருக்கும். அதோட பேச்சு நின்னுபோச்சு. சண்டைன்னு சொல்ல முடியாது. சண்டைக்கு ரெண்டு பேரும் ஏதாச்சும் பேசியிருக்கணும்.

நாச்சிமுத்தண்ணன் வந்து பக்கத்துல உக்காந்தாரு, மில்லுல இருந்து ரிட்டையரு ஆனவரு. என்னப்பா கொழந்தவேலு, போன அந்த நோண்டு நோண்டற, பொண்ணு கிண்ணு பாத்துட்டிருக்கறயான்னு கேட்டு அவரே சிரிச்சுக்கிட்டாரு. தெனமும் காலைல ஒரு பூவு, ஒரு சூரியன், ஒரு தத்துவம் அனுப்பறவரு. நான் அனுப்பறதையெல்லாம் பாக்கறயா இல்லையான்னாரு. பாக்கறனுங்ணான்னு சொல்லீட்டே அவரு அனுப்புன பூவையெல்லாம் கொத்தாப் புடிச்சு அழிச்சேன். ஒரு வருஷத்துப் பூவு. அழிச்சு முடிச்சுட்டுப் பாத்தா இடம் ஏறவே இல்ல. பூவு ஒண்ணும் கனம் இல்ல. கனமா இருக்கறது வேற.

இந்தப் போட்டோவெல்லாம் ஏறற கணக்கு மரகதம் பேர்ல இருக்குது. மொதமொத எங்க வீட்டுக்கு வந்த போனு அவளுதுதான். தையல் மாடல் பாக்கணும்னு வாங்குனா. செல்போன் கடை ஹக்கீமு அவ பேர்ல ஒரு மெயிலு போட்டுக் குடுத்தாப்ல. அப்பறம் எனக்கு வாங்குனப்பவும் அதே மெயிலு, தாரணி காலேஜ் போறப்ப வாங்குன போனுக்கும் அதே மெயிலு. எதுக்குக்கா ஆளுக்கு ஒண்ணு, பாஸ்வேர்ட மறந்துட்டு எங்கிட்டத்தான் வந்து நிப்பீங்கன்னாப்ல. நாயந்தான். மரகதம் போன பொறவு, தாரணி ஓசூர் போன பொறவு, ஒரு நாள் போட்டோவத் தொறந்தா நான் எடுக்காத போட்டோ ஒண்ணு. தட்டுல கருகுன தோசை. எங்க வீட்டுத் தட்டு இல்ல. போனுக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு ஹக்கீமுகிட்டப் போனேன். பேய் இல்லீங்ணா, உங்க பொண்ணு எடுக்கற போட்டோ தானா மேல ஏறுது, ஒரே கணக்குங்கறதால உங்க போன்ல தெரியுது, வேண்டாம்னா நிறுத்தீரட்டுமான்னு கேட்டாப்ல. இருக்கட்டும் தம்பின்னேன். செத்துப்போனவ பேர்ல இருக்கற வீட்ல நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ரூம்ல குடியிருக்கோம், பேச்சுவார்த்தை இல்ல, ஆனா அவ ரூம்ல லைட் எரியறது எனக்குத் தெரியுது, அப்படி வெச்சுக்கலாம். மாப்பிள்ளைய நான் நேர்ல பாத்ததில்ல. ஆனா அவருக்கு முன்நெத்தில முடி ஏறீட்டு வர்றது தெரியும். அவங்க வீட்டுக் குக்கருக்குப் புது வாஷர் போட்டது தெரியும். கல்யாண வீடியோவே வந்துச்சு, ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல எடுத்தது. மாலைய மாத்திட்டு அவ யாரையோ தேடற மாதிரி ரோட்டப் பாக்கறா. அந்த எடத்த நிறுத்தி நிறுத்திப் பாப்பேன். ஆட்டோவத்தான் தேடுனாளோ என்னமோ.

அப்பறம் ஒரு நாள் கறுப்பா ஒரு படம் வந்துச்சு, மழை பேஞ்ச கண்ணாடி மாதிரி, நடுவுல ஒரு அவரைக்கொட்டை. ஸ்கேன். பாத்துட்டு அரிசி களைஞ்சு வெச்சேன். ஒண்ணும் தோணல. அரிசி மட்டும் ரெண்டு ஆளுக்குப் போட்டிருந்தேன். மாசம் ஏற ஏறப் படம் வந்துச்சு, கண்ணாடி முன்னால பக்கவாட்டுல நின்னு எடுத்தது, வீங்குன பாதம், கொய்யாக்கா. கடைசியா வந்தது ஒரு பை. துண்டு, பால் கிண்ணம், பழைய சேலைத் துணி, எல்லாம் மடிச்சு வெச்சு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரெடியா. அந்தச் சேலை மரகதத்துது. அதோட நின்னுபோச்சு. பத்து நாளா ஒண்ணும் வரல. பொழுதுக்கும் எடுத்துப் பாத்தேன், பை, பை, பை. கணக்குல இடம் முடிஞ்சுதுன்னா மேல ஏறாதுங்ணா, அந்தப் பக்கமும் ஏறாது, எதையாச்சும் அழிங்க, குப்பைத்தொட்டில போய் நிக்கும், அதையும் காலி பண்ணுங்க, அப்பத்தான் இடம் கெடைக்கும்னு ஹக்கீமு சொன்னாப்ல. போன் பண்ணிக் கேக்கலாம். போன் அதுக்குத்தானே இருக்குது. பேர எடுத்து வெச்சுப் பச்சையத் தொடப் போவேன். தொட்டா என்ன சொல்றது. உன்ற பையப் பாத்தேன் சாமின்னா? எப்படிப் பாத்தீங்கன்னு கேப்பா. அவளுக்குத் தெரிஞ்சா நிறுத்தீருவா, அந்த லைட்டும் அணைஞ்சிரும். அதனால பேசறதில்ல. அழிக்கறேன்.

பெருசுல இருந்து வரிசையாக் காட்டுன்னு கேட்டேன். காட்டுச்சு. மேல நிக்கறது மரகதத்தோட வீடியோ. அதுக்குக் கீழ என்ற பம்பு வீடியோவுங்க, கம்பெனில டெஸ்டிங் பெஞ்ச்ல ஓடறது, ஒவ்வொண்ணும் தண்ணியப் பீச்சி அடிக்கும், அதுபாட்டுக்கு ஓடும். கம்பெனிய விட்டு நின்ன பொறவும் அதையெல்லாம் அழிக்கல. வேலைன்னு ஒண்ணு பாத்தேன்ங்கறதுக்கு வேற என்ன இருக்குது. மரகதத்தோடது பதினோரு நிமிஷம். அவ தங்கச்சி சந்திராவோட மகன் காதுகுத்துல மரகதம் எடுத்தது. எடுத்ததுன்னு சொல்லக் கூடாது. போட்டோ எடுக்கறேன்னு எல்லாத்தையும் நிக்க வெச்சு, வீடியோவ அமுக்கி, எடுத்துட்டேன்னு சொல்லீட்டு, போனக் கைல தொங்கப் போட்டுட்டு மண்டபம் பூரா நடந்திருக்கறா. அதுல மூஞ்சி ஒண்ணும் கெடையாது. தரை. சேலைக் கரை, மெரூன் கலரு, முன்னும் பின்னும் ஆடுது. யாரோட காலோ. செதறுன அரிசி. சாம்பார்ல உப்பு இல்லைன்னு யாருகிட்டயோ சொல்றா. அவரு சாப்பிட்டாரா, கேட்டா தலைய மட்டும் ஆட்டுவாரு, நீங்களே எலைல போட்டு விட்ருங்கன்னு சொல்றா. அவருங்கறது நானு. நூறு தடவை பாத்திருப்பேன். இப்பப் பாத்தா சேலையும் தரையுந்தான் தெரியுது, முன்ன என்னமோ தெரிஞ்சுது. பாத்துப் பாத்துத் தேஞ்சுபோயிருக்கும், வாஷர் மாதிரி. செத்தவ எடம் அடைச்சுக்கிட்டிருக்கறா, பொறக்கப் போறது வெளில நிக்குது. மரகதமா இருந்தா என்ன சொல்லுவா, யோசிக்காம அமுக்குங்கன்னுதான் சொல்லுவா. பஸ்ல மடில வெச்சிருக்கற பைய எறக்கிட்டுப் பச்சப் புள்ளக்காரிய உக்கார வெக்கறவ அவ. அமுக்குனேன். எல்லாச் சாதனங்களில் இருந்தும் நீக்கப்படும், சரியான்னு கேட்டுச்சு. நமக்கு இருக்கறதே ஒரு சாதனம். சரின்னேன். சேலைக் கரை இருந்த எடத்துக்குக் கீழ இருந்த பம்பு மேல ஏறி வந்து நின்னுச்சு. என்னமோ ஆகும்னு உக்காந்திருந்தேன். ஆறுச்சாமி கத்திரி கிச்சுக் கிச்சுன்னு போய்ட்டிருந்துச்சு, நாச்சிமுத்தண்ணன் பேப்பர மடிச்சு ஈய அடிச்சாரு, வேற ஒண்ணும் ஆகல.

கொழந்தவேலண்ணா வாங்கன்னு ஆறுச்சாமி துணிய ஒதறுனான். குப்பைத்தொட்டிய இன்னும் காலி பண்ணல. நாற்காலில போய் உக்காந்து, துணிக்கடில கைல போன வெச்சுக்கிட்டேன். கொஞ்சம் ஒட்ட வெட்டீரட்டுங்களா, சித்தெ குனிங்கன்னான். குனியறது நமக்கு வசதி. துணி ஓரத்தத் தூக்கி குப்பைத்தொட்டியத் தொறந்தேன். நாச்சிமுத்தண்ணன் பூவெல்லாம் வேற எங்கயோ போயிருக்கும், இதுல மரகதம் மட்டும் நின்னா, மெரூன் கரையோட. காலி பண்ணட்டுமா, திரும்ப எடுக்க முடியாதுன்னு கேட்டுச்சு. விரல் மேல நிக்குது. ஆறுச்சாமி பின்கழுத்துல மெஷின் ஓட்டறான், ஊருல யாரோ எடம் வித்த கதை சொல்றான், நான் ம்ங்கறேன். அவரு சாப்பிட்டாரா. தலைய மட்டும் ஆட்டுவாரு. விரல எறக்கல. கால்தான் மரத்துப்போச்சுன்னு பாத்தா விரலும் கேக்க மாட்டீங்குது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன்னு தெரியல, அவன் நிமிருங்ணான்னு சொல்லி மூஞ்சில நொரையப் போட ஆரம்பிச்சுட்டான். நிமிந்தா போனப் பாக்க முடியாது. கண்ணாடிலதான் பாக்கணும், அதுல ஒரு ஆளு பாதி மூஞ்சி வெள்ளையா உக்காந்திருக்கறான். எடது பக்கம் வழிச்சு முடிச்சுட்டு பிளேடு மாத்தப் போனான். அந்த நேரத்துல குனிஞ்சு பாத்தேன்.

குப்பைத்தொட்டில மரகதம் இல்ல.

நான் தெரியாம அமுக்கிட்டனோன்னு நெஞ்சு ஒரு தரம் நின்னு ஓடுச்சு. பம்பு ஏர் புடிச்சா அப்படித்தான் இருக்கும். அழிச்சிருந்தா தொட்டி காலியா இருக்கணும். காலியா இல்ல. வேற ஒண்ணு கெடக்குது, ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலு, மாலை. தாரணி கல்யாண வீடியோ. நான் அதத் தொடவே இல்ல. வெளில போட்டோவுக்கு வந்து பாத்தா மேல மரகதம் நிக்கறா, சேலைக் கரை, பதினோரு நிமிஷம், பழைய எடத்துலயே. எல்லாச் சாதனங்கள்ல இருந்தும்னு கேட்டுச்சில்ல. சாதனம் ரெண்டு. அந்தப் பக்கம் தாரணி போனப் பாத்துட்டு இருந்திருக்கறா, அவ அம்மா காணாமப் போறதப் பாத்திருக்கறா, தொட்டில தேடி எடுத்து மேல வெச்சுட்டு, அதுக்குப் பதிலா அவளோடத எடுத்துப் போட்டிருக்கறா. எதுக்கு அழிக்கறேன்னு தெரிஞ்சிருக்குது. இடத்துக்குத்தான்னு தெரிஞ்சிருக்குது. அப்படின்னா இந்த ரூம் லைட்டும் அவளுக்குத் தெரிஞ்சிட்டுத்தான் இருந்திருக்குது. போன ஆடில சந்திரா போன் பண்ணி, ஏனுங் மாமா, சர்க்கர முந்நூறுகிட்டப் போயிருச்சாமான்னு கேட்டா. நான் ஒருத்தருகிட்டயும் சொல்லல. லேப்ல குடுத்தத ஒரு போட்டோ எடுத்து வெச்சேன், அவ்வளவுதான். லேப்காரன் ஒளறீட்டான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். பாவம் அந்தாளு. ரெண்டு வருஷமா அவ என்ற மாத்திர அட்டை, என்ற ரசம், ஈபி மீட்டரு, புண்ணு வந்துச்சான்னு பாக்கறதுக்கு நான் எடுக்கற பாதம், எல்லாத்தையும் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம இருந்திருக்கறா. நம்ம புள்ளதான்.

மொதல்ல கல்யாணத்தத் தொட்டில இருந்து எடுத்து மேல வெச்சேன். அப்பறம் பம்புக்குப் போனேன். ஒவ்வொண்ணாத் தொட்டா நேரம் ஆகும், மேல இருந்து கீழ வரைக்கும் விரல வெச்சு இழுத்தேன், அத்தனையும் டிக் ஆச்சு, அத்தனையும் தொட்டிக்கு. தொட்டி காலி பண்ணட்டுமா, திரும்ப எடுக்க முடியாதுன்னுச்சு. விரல் இப்பக் கேட்டுச்சு. முப்பது வருஷத் தண்ணி ஒரு தட்டுல போயிருச்சு. அமைதியா இருந்துச்சு. ஆறுச்சாமி புது பிளேடு போட்டுட்டு வந்து, நிமிருங்ணான்னான். ஒரு நிமிஷம் இருன்னேன். ஒரு நிமிஷம் கழிச்சு வந்துச்சு. பைக்கு அப்பறம், புதுசா ஒரு போட்டோ. இப்ப எடுத்ததுன்னு போட்டிருந்துச்சு. கட்டலு, பச்சத் துணி, ஓரத்துல அவ வயிறு கொஞ்சம் மேடாத் தெரியுது, இன்னும் பொறக்கல. ஆனா அத எடுக்கல அவ. நடுவுல வெச்சு எடுத்திருக்கறது கட்டலுக்குப் பக்கத்துல இருக்கற சேரு. சேப்புக் கலரு பிளாஸ்டிக் சேரு, கூட இருக்கறவங்க உக்கார்றது. ஒருத்தரும் இல்ல. கட்டலப் பாத்து நல்லா ஒட்டிப் போட்டிருக்குது.

கட்டைவிரல் அனுப்பறதுக்குக்கூட இதுல எடம் இல்ல. இதுல போட்டோ மட்டுந்தான் போகும். துணிக்கடில இருந்து கைய வெளிய எடுத்து, போனக் கண்ணாடிக்கு நேராப் புடிச்சேன். என்ற போன்ல இது வரைக்கும் நான் இல்ல, என்ற காலு இருக்குது, மூஞ்சி இல்ல. ஒரு பக்கம் வழிச்சது, ஒரு பக்கம் நொரை, பின்னால பேப்பரோட நாச்சிமுத்தண்ணன் எட்டிப் பாக்கறாரு. எடுத்தேன். படத்து மூலைல சின்னதா ஒரு மேகம், அதச் சுத்தி ஒரு வட்டம் ஓடுது. ஓடுது. நின்னுச்சு. போயிருச்சு.

ஏனுங்ணா, பாதி மூஞ்சி நொரையோடயா அனுப்பறீங்க, பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களான்னு ஆறுச்சாமி கேட்டான்.

சிரிக்கட்டும்னேன். அந்தப் பக்கத்தையும் எடுத்துரு ஆறுச்சாமி, ஓசூரு பஸ்ஸப் புடிக்கணும்.